நேரத்துக்கு முன்னால் போன பேருந்து

நான் தினமும் பேருந்து ஏறும் நிறுத்தத்தில் ஒரு தகரப் பலகை இருக்கிறது. அதில் எங்கள் தடத்தின் கால அட்டவணைத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. வெயில் பட்டுத் தாளின் மேற்பாதி பழுப்பேறிவிட்டது. கீழ்ப்பாதியில் மட்டும் எழுத்துகள் இன்னும் கருமை குறையாமல் இருக்கின்றன. "வார நாட்கள்" என்ற தலைப்பின் கீழ், காலை ஆறு மணியிலிருந்து இரவு 9.35 வரை ஒவ்வொரு நடைக்கும் நிறுத்தவாரியாக நேரம் அச்சிடப்பட்டிருக்கும். அதில் எங்கள் நிறுத்தத்துக்கான 7.42 என்ற நேரத்துக்குப் பக்கத்தில் யாரோ நீலப் பேனாவால் 7.38 என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறார்கள். அந்த எழுத்தை ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொழுது போகாத எவரோ கிறுக்கியது என்று எண்ணி அதைப் பொருட்படுத்தவில்லை. அச்சில் இருப்பதை நம்பி 7.41க்கு நிறுத்தத்துக்கு வருவதே என் வழக்கமாக இருந்தது.

ஒருநாள் காலை, நிறுத்தத்துக்கு இன்னும் ஐம்பது அடி இருக்கும்போது, என் பேருந்தின் பின்புறத்தைப் பார்த்தேன். கைப்பேசியில் மணி 7.39. ஓடினேன், கையை உயர்த்திக் கத்தினேன், வண்டி வளைவில் திரும்பி மறைந்துவிட்டது. அடுத்தது 7.54க்கு வரவேண்டிய வண்டி, அது 8.01க்கு, படிக்கட்டு வரை ஆட்கள் நிறைந்து வந்தது. அதில் ஒருவாறு ஏறி, முனையத்தில் மாற வேண்டிய இரண்டாவது பேருந்தையும் தவறவிட்டு, அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது வருகைப் பதிவேட்டை மூடிவிட்டிருந்தார்கள். அரைநாள் விடுப்பு என்று எழுதப்பட்டது. அரைநாள் போனதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. சொன்ன நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்பே வந்து நின்ற எனக்கு, "தாமதமாக வந்தவர்" என்ற பெயர் எப்படி வந்தது என்ற கேள்விதான் பல வாரங்கள் என்னை விடவில்லை.

பேருந்து தாமதமாக வருவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். முன்னதாகப் போய்விடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தாமதம் கண்ணுக்குத் தெரிகிறது. நிறுத்தத்தில் பத்துப் பேர் சேர்ந்து நின்று அதை அனுபவிக்கிறார்கள், சேர்ந்து அலுத்துக்கொள்கிறார்கள். முன்னதாகப் போன வண்டியை அதைத் தவறவிட்டவருக்கும் தெரியாது. வந்து நிற்பார், வண்டி வராது, "இன்றைக்கும் தாமதம்" என்றே நினைத்துக்கொள்வார். அன்று அதன் பின்புறத்தை நான் பார்க்காமல் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டில் எத்தனை நாள் அப்படி நினைத்தேனோ, எனக்கே தெரியாது.

இரண்டும் ஒரே அளவு பிழை என்று சொல்வதற்கும் இல்லை. மூன்று நிமிடம் தாமதமாக வரும் வண்டி, காத்திருப்பவரின் மூன்று நிமிடத்தை எடுத்துக்கொள்கிறது. மூன்று நிமிடம் முன்னதாகப் போகும் வண்டியோ, அடுத்த வண்டி வரும்வரை உள்ள முழு இடைவெளியையும் எடுத்துக்கொள்கிறது. காலை நெரிசல் நேரத்தில் எங்கள் தடத்தில் அது பன்னிரண்டு நிமிடம், மதியம் நாற்பது நிமிடம், இரவு 9.35 கடைசி நடையில் அந்த இழப்புக்கு அளவே கிடையாது, ஏனென்றால் அதற்குப் பிறகு வண்டியே இல்லை. இதை உணர்ந்தவர்கள் விதிகளிலும் அந்த வேறுபாட்டை எழுதிவைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் பேருந்துச் சேவைகளை ஒழுங்குபடுத்தும் போக்குவரத்து ஆணையர்கள், 1 நிமிடத்துக்கு மேல் முன்னதாகவும் போகாமல், 5 நிமிடம் 59 விநாடிக்கு மேல் தாமதமாகவும் போகாமல் இருக்கும் வண்டியைத்தான் நேரத்துக்கு ஓடிய வண்டியாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். தாமதத்துக்கு ஏறக்குறைய ஆறு நிமிடம் மன்னிப்பு உண்டு. முந்துவதற்கு ஒரே ஒரு நிமிடம்தான்.

வந்த பதில்

நான் முறையாக ஒரு புகார் எழுதினேன். தேதி, நேரம், நிறுத்தத்தின் பெயர், எல்லாவற்றையும் குறிப்பிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். அந்த நாளில் அந்த வண்டி, எனக்கு முந்தைய "நேரக் கட்டுப்பாட்டு நிறுத்தத்தை" (அச்சிட்ட நேரத்துக்கு முன் வண்டி கிளம்பக்கூடாத நிறுத்தத்தை) விட்டு 7.33க்குச் சரியாகக் கிளம்பியது என்றும், எனக்கு அடுத்து வரும் மேம்பாலத்தடி நிறுத்தத்திலிருந்து 7.51க்குச் சரியாகப் புறப்பட்டது என்றும், ஆகவே அந்த நடை நேரப்படி ஓடியதாகவே பதிவாகியிருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். இடைப்பட்ட நிறுத்தங்களுக்குத் தரப்படும் நேரங்கள் தோராயமானவை என்று கடைசியில் ஒரு வரி.

தோராயமானவை என்ற அந்தச் சொல்லை நான் பலமுறை படித்தேன். பலகையில் இருக்கும் தாளில் அப்படி எதுவும் இல்லை. 7.33, 7.42, 7.51 மூன்றும் ஒரே எழுத்தில், ஒரே அளவில், ஒரே உறுதியோடு அச்சிடப்பட்டிருக்கின்றன. முதலும் மூன்றாவதும் ஓட்டுநரைக் கட்டுப்படுத்தும் நேரங்கள். நடுவில் இருப்பது யாரையும் கட்டுப்படுத்தாத ஓர் ஊகம். இதைப் பார்ப்பவர் எப்படி அறிவார்? கைப்பேசிச் செயலியில் தேடினாலும் இதே கதைதான். 2005இல் கூகுளும் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து அமைப்பான ட்ரைமெட்டும் சேர்ந்து தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த ஜிடிஎஃப்எஸ் என்ற தரவு வடிவத்தில்தான் இன்று உலகின் பல ஊர்களின் பேருந்து நேரங்கள் வெளியாகின்றன. அந்த வடிவத்தில், ஒவ்வொரு நிறுத்த நேரத்துக்கும் எதிரே அது துல்லியமானதா தோராயமானதா என்று குறிக்க ஒரு கட்டமே இருக்கிறது: 1 என்றால் துல்லியம், 0 என்றால் தோராயம். அட்டவணை தயாரிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியும். அதைக் குறிக்க இடமும் கொடுக்கப்பட்டிருக்கிறது. நான் பயன்படுத்தும் செயலியின் திரைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

அப்புறம் நான் செய்த காரியத்தைச் சிலர் வீண்வேலை என்பார்கள். நான்கு வாரம், இருபது வேலைநாட்கள், 7.30க்கே போய் நின்று, அந்த வண்டி எங்கள் நிறுத்தத்துக்கு வரும் நேரத்தை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதினேன். மிகவும் முன்னதாக வந்தது 7.38. மிகவும் தாமதமாக வந்தது 7.53. முந்தைய கட்டுப்பாட்டு நிறுத்தத்திலிருந்து எங்கள் நிறுத்தம் வரை சாலை அகலம். சமிக்ஞை ஒன்றுகூட இல்லை. எங்களைத் தாண்டிய பிறகுதான் பள்ளிக்கூட வாசல், அதற்கடுத்து மேம்பாலத்தடிச் சமிக்ஞை. தடத்தின் அந்தத் துண்டுக்குக் கொடுக்கப்பட்ட பதினெட்டு நிமிடத்தில் பெரும்பகுதி செலவாவது அந்த இரண்டாவது பாதியில். ஆனால் அட்டவணை போட்டவர் தூரத்தைப் பார்த்திருக்கிறார்; நாங்கள் சரிபாதித் தூரத்தில் இருக்கிறோம் என்பதால் பதினெட்டைச் சரிபாதியாக வகுத்து, 7.33உடன் ஒன்பதைக் கூட்டி 7.42 என்று எழுதிவிட்டார். சாலை தூரத்தின்படி நடந்துகொள்வதில்லை. முந்தைய நிறுத்தத்தில் நேரத்துக்குக் கிளம்பி, கூட்டமும் இல்லாத ஒரு நாளில், வண்டி ஐந்தே நிமிடத்தில் எங்களிடம் வந்துவிடும். 7.33உடன் ஐந்தைக் கூட்டினால் 7.38. நீலப் பேனாவால் எழுதப்பட்டிருந்த எண் அதுதான்.

என்னைப் போலவே வண்டியைத் தவறவிட்ட ஒருவர், என்னைப் போலவே நின்று பார்த்துக் கண்டுபிடித்து, அடுத்து வருபவருக்காக அதை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதை ஒன்றரை ஆண்டு கிறுக்கல் என்று நினைத்ததை எண்ணி வெட்கப்பட்டேன்.

பின்னால் வரும் வண்டி

முன்னதாக ஓடும் வண்டியின் தீங்கு, அதைத் தவறவிட்டவரோடு முடிவதில்லை. அன்று எனக்கு அடுத்து வந்த வண்டி ஏழு நிமிடம் பிந்தி, நிரம்பி வழிந்து வந்ததற்கும் இதுவே ஒரு காரணம். முன்னால் போன வண்டி விட்டுச்சென்ற ஆட்களையும் சேர்த்து ஏற்ற வேண்டியிருப்பதால், பின்னால் வருவது ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. நிற்க நிற்கப் பிந்துகிறது. பிந்தப் பிந்த இன்னும் அதிகம் பேர் காத்திருக்கிறார்கள். அதற்கும் பின்னால் வரும் மூன்றாவது வண்டிக்கு ஏற்ற ஆளே இருக்காது. அது விரைந்து வந்து இரண்டாவதை ஒட்டிக்கொள்ளும். "வந்தால் இரண்டும் சேர்ந்து வருகிறது" என்று நாம் நிறுத்தங்களில் சொல்லிக்கொள்வதன் கணக்கு இதுதான். நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1964இலேயே இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். சிறு விலகல் தானாகவே வளரும். யாரும் தவறு செய்ய வேண்டியதில்லை.

இதில் எனக்குப் புதிதாகப் புரிந்த ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி சீராக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக ஆறு நிமிடம் காத்திருப்பார். அதே எண்ணிக்கை வண்டிகள், ஒன்று நான்கு நிமிட இடைவெளியிலும் அடுத்தது இருபது நிமிட இடைவெளியிலும் மாறி மாறி வந்தால், காகிதத்தில் சராசரி இடைவெளி அதே பன்னிரண்டுதான். ஆனால் ஆறு பேரில் ஐந்து பேர் அந்த இருபது நிமிட இடைவெளிக்குள்தான் வந்து நிற்பார்கள். சராசரிக் காத்திருப்பு எட்டு நிமிடம் நாற்பது விநாடி ஆகிவிடும். வண்டியும் குறையவில்லை, ஓட்டுநரும் குறையவில்லை. மக்களின் காலைப்பொழுது மட்டும் குறைகிறது. "இத்தனை நடை ஓடியது" என்று மட்டும் எண்ணும் பதிவேட்டில் இந்த இழப்பு ஏறவே ஏறாது.

மேம்பாலத்தடியில் இரண்டு நிமிடம்

இதுவரை சொன்னவற்றில் என் கோபம் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. அதைத் திருப்பியது, பள்ளி விடுமுறை வாரத்தில் ஒரு காலை. 7.38க்கே வண்டி வந்தது. நான் தயாராக நின்று ஏறினேன். பள்ளிக்கூட வாசல் காலியாகக் கிடந்தது. சமிக்ஞையும் பச்சையாக இருந்தது. 7.48க்கு மேம்பாலத்தடியில் வண்டி நின்றது, நின்றது நின்றதுதான். ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஏறுவதற்கு யாரும் இல்லை. ஒரு நிமிடம் போயிற்று. பின்னிருக்கையில் இருந்த இளைஞர் ஒருவர், "எடுங்கண்ணே, அதான் யாருமே இல்லையே" என்றார். "இன்னும் நேரம் இருக்கு தம்பி" என்று மட்டும் சொன்னார் ஓட்டுநர், திரும்பிப் பார்க்காமல்.

எனக்குள் பொங்கிய எரிச்சலை நான் மறைக்க விரும்பவில்லை. எங்கள் நிறுத்தத்தில் நான்கு நிமிடம் முன்னதாகவே ஆட்களை விட்டுவிட்டு ஓடிவந்த வண்டி, இங்கே வெற்று நடைபாதையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறது. எங்களிடமிருந்து எடுத்த நிமிடங்களை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று தோன்றியது. அந்த நினைப்போடு சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தபோது, பாலத்தின் படிகளில் ஒரு பெண்மணி இறங்கி வருவதைக் கண்டேன். அறுபது வயது இருக்கலாம். இடது முழங்காலில் துணிப்பட்டை கட்டியிருந்தார். ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைக்காமல், வலிக்கும் காலை முதலில் இறக்கி, அதன்மேல் மற்றதைக் கொண்டுவந்து வைத்து, கைப்பிடிக் குழாயைப் பிடித்தபடி இறங்கினார். வண்டி நிற்பதைப் பார்த்தார். ஆனாலும் வேகத்தைக் கூட்டவில்லை, கையைக் காட்டவில்லை, "இருங்கள்" என்று குரல் கொடுக்கவும் இல்லை. தன் நடையிலேயே வந்து, படியில் ஏறி, முன்னிருக்கையில் அமர்ந்தார். ஓட்டுநருக்கு நன்றி சொல்லவில்லை. ஓட்டுநரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. நான் மணி பார்த்தேன். 7.50. இன்னும் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, 7.51க்கு வண்டி கிளம்பியது.

என்னை உலுக்கியது அவர் ஓடாததுதான். அவரால் ஓட முடியாது என்பது ஒன்று. ஓடத் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பது அதைவிடப் பெரியது. 7.51 என்று எழுதப்பட்டிருந்தால் 7.51 வரை அந்த வண்டி அங்கே இருக்கும் என்ற அறிவின் மேல் அவர் தன் காலையை அமைத்துக்கொண்டிருக்கிறார். எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்டுவது, எத்தனை படிகளை எவ்வளவு மெதுவாக இறங்குவது என்பதெல்லாம் அதிலிருந்து வந்தவை. அந்த இரண்டு நிமிடம் வீணாக நின்ற நேரம் என்று நினைத்த நான், அது யாருக்காக நிற்கிறது என்று கேட்டுப் பார்க்கவே இல்லை. வண்டிக்குள் இருப்பவர்களால் அதைக் காண முடியாது. உள்ளே அமர்ந்துவிட்ட எவருக்கும் வண்டி உடனே கிளம்புவதுதான் நல்லது; காத்திருக்க வேண்டியது இன்னும் வந்து சேராத ஆளுக்காக, அவர் வருவார் என்ற உறுதி இல்லாமலே. அந்த ஆளின் சார்பாகப் பேச வண்டிக்குள் அச்சிட்ட நேரத்தையும் அதைக் காக்கும் ஓட்டுநரையும் தவிர வேறு யாரும் இல்லை.

நகரத்துக்குள் ஓடும் பொது வண்டிகளை முதன்முதலாக நேரம் வைத்து ஓட்டிய முயற்சியிலேயே இந்த எண்ணம் இருந்திருக்கிறது. 1662 மார்ச்சில் பாரிஸில் தொடங்கிய குதிரை வண்டிச் சேவையின் பின்னால் இருந்தவர் கணித மேதை பிளேஸ் பாஸ்கல். அந்த வண்டிகள் குறித்த பாதையில் மட்டுமே ஓடும்; குறித்த நேரத்தில் கிளம்பும்; ஏறியவர் எத்தனை குறைவாக இருந்தாலும், ஒருவருமே இல்லாவிட்டாலும், கிளம்பியே தீரும். ஆள் சேரும்வரை நிற்கும் வாடகை வண்டிகளுக்கு அது நேர் எதிர். நிரம்பிய பிறகு புறப்படும் வண்டி உள்ளே இருப்பவர்களுக்கானது என்றும், நேரத்துக்குப் புறப்படும் வண்டி வழியில் எங்கோ நடந்து வந்துகொண்டிருப்பவருக்கானது என்றும் இப்போது நான் புரிந்துகொள்கிறேன்.

அப்படியானால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அப்படி நின்று நேரம் பார்த்துக் கிளம்பக்கூடாதா என்று கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். முடியாது என்றே இப்போது நினைக்கிறேன். எங்கள் நிறுத்தத்தில் வண்டி ஒதுங்கி நிற்க இடம் கிடையாது. இரண்டு நிமிடம் நின்றால் பின்னால் வரும் வாகனங்கள் எல்லாம் தேங்கிவிடும். அதோடு, முப்பது நிறுத்தங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் என்று நின்றால் உள்ளே இருப்பவர்களின் பயணம் அரைமணி நேரம் நீளும். ஆகவே மேம்பாலத்தடி போல, இடமும் இருந்து, வேறு தடங்களுக்கு மாறுபவர்களும் வரும் சில இடங்களை மட்டும் தேர்ந்து அங்கே நேரத்தைக் காப்பது நியாயமான ஏற்பாடுதான். அந்த ஏற்பாட்டோடு எனக்குச் சண்டை இல்லை. இடைப்பட்ட நிறுத்தங்களில் சராசரியை அச்சிடுவதில்தான் சண்டை. எங்கள் பலகையில் எழுதவேண்டியது, வண்டி வழக்கமாக வரும் நேரம் அல்ல. எவ்வளவு நல்ல நாளிலும் அதற்கு முன்னால் வராத நேரம். 7.38 என்று எழுதினால், சில நாள் நான்கு நிமிடமும் சில நாள் பதினைந்து நிமிடமும் கூடுதலாக நிற்போம், நிற்பதற்கு முணுமுணுப்போம். ஆனால் எவரும் வண்டியின் பின்புறத்தைப் பார்க்க மாட்டார்கள். 7.42 என்று எழுதினால் அட்டவணை அழகாக இருக்கும். தாமதக் கணக்கும் குறைவாகத் தெரியும்.

இதையெல்லாம் விளக்கி இரண்டாவது கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தில் இருந்த கோபம் இதில் இல்லை. குறிப்பேட்டில் எழுதிய இருபது நாள் நேரங்களையும் இணைத்தேன். எல்லா நிறுத்தங்களையும் திருத்துவது பெரிய வேலை என்பது புரிகிறது என்றும், ஒன்றே ஒன்றையாவது உடனே செய்யுங்கள் என்றும் கேட்டிருந்தேன்: இரவு 9.35 கடைசி நடைக்கு மட்டும், வழியில் உள்ள அத்தனை நிறுத்தங்களையும் கட்டுப்பாட்டு நிறுத்தமாக அறிவித்துவிடுங்கள். அந்த நேரத்தில் சாலை காலி; வண்டி ஒதுங்க இடமில்லாவிட்டாலும் பின்னால் யாரும் தேங்கப்போவதில்லை. உள்ளே இருப்பவர்களுக்குப் பத்து நிமிடம் கூடுதலாகும். வெளியே ஒருவருக்கு வீடு போய்ச்சேரும் வழியே அந்த வண்டிதான். ஏழு வாரமாகிறது. பதில் வரவில்லை.

பதில் வரும்வரை சும்மா இருக்க மனம் கேட்கவில்லை. கடந்த இரண்டு வாரமாக, இரவு உணவை முடித்துவிட்டு ஒன்பது இருபதுக்கே நிறுத்தத்துக்கு வந்து, பத்து இரவுகள் அந்தக் கடைசி வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். நேற்று பத்தாவது இரவு. வண்டி போன பிறகு, கைப்பேசி வெளிச்சத்தில் குறிப்பேட்டை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, நீலப் பேனாவை எடுத்து, பலகையில் 9.35க்குப் பக்கத்தில் 9.31 என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.